நோம்பிக்கு முதல் தடவை வருகிறீர்களா? கம்பத்து ராத்திரி முதல் மஞ்சத்தண்ணி வரை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வேப்ப மரங்கள் பழைய இலையை உதிர்த்துவிட்டுத் தளிர் விடும். பின்னாலேயே பூவும் வந்துவிடும். ஈரோடு, கரூர், திருப்பூர், கோவைச் சீமை ஊர்களில் மாரியம்மன் நோம்பி, அதாவது அம்மன் திருவிழா, களைகட்டுவது அப்போதுதான். ஓர் ஊரில் முடிந்தால் அடுத்த ஊரில் தொடங்கும். சித்திரை கடந்து வைகாசி வரைக்கும் இது ஓடும்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நோம்பிக்குப் புது முகங்கள் வருகின்றன. புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை வருவார். பெங்களூரிலோ சென்னையிலோ வளர்ந்து அப்பாவின் ஊரை இப்போதுதான் பார்க்கிற பிள்ளைகள் வருவார்கள். கல்லூரி நண்பன் கூப்பிட்டான் என்று பையை மாட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. வந்த அன்றைக்கே அவர்கள் குழம்பிவிடுகிறார்கள். நல்ல சட்டை போட்டவர் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரைக் கொட்டுகிறார்கள், அவரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் பக்கத்தில் போனால் மட்டும் சொம்பு தானாகக் கீழே இறங்கிவிடுகிறது. ஏன் என்று யாரும் விளக்குவதில்லை. ஊர்க்காரர்களுக்கு அது சொல்லித்தர வேண்டிய விஷயமாகவே தோன்றுவதில்லை.

அந்த விளக்கத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். வாளியைத் தூக்குவதற்கு முன்னால் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே நடக்கும் குசும்பு எல்லாமே முறை பார்த்து நடப்பது. முறை தெரிந்தவர் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். தெரியாதவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக் கற்றுக்கொண்டு இறங்குவது நல்லது.

முதலில் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்

நோம்பி ஒரே நாளில் முடிகிற விழா இல்லை. பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு பூச்சாட்டு நடக்கும். நோம்பி தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அறிவிப்பு. பிறகு கம்பம் நடுவார்கள். அடுத்த சில நாட்கள் ராத்திரியில் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். கடைசி வாரத்தில் மாவிளக்கு, பொங்கல், கிடாவெட்டு. அப்புறம் கம்பம் பிடுங்குவதும் மஞ்சள் நீராட்டும். எட்டு நாளில் முடிக்கிற ஊரும் உண்டு, பதினைந்து நாள் நடத்துகிற ஊரும் உண்டு. நாள் குறிப்பது ஊர்க்கூட்டத்தில். அதனால் காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். ஊரில் இருக்கிற அத்தைக்கோ பெரியப்பாவுக்கோ ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இரண்டு நாள்தான் லீவு கிடைக்கும் என்றால் பலரும் பொங்கலுக்கு வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பொங்கல் வைப்பதை எந்த ஊரிலும் பார்த்துவிடலாம். என் யோசனை, பொங்கலன்று மத்தியானம் வந்து சேருங்கள், அன்று ராத்திரி கம்பத்தடியில் இருங்கள், மறுநாள் மஞ்சத்தண்ணி முடிந்த பிறகு போங்கள்.

பூச்சாட்டு முடிந்த பிறகு ஊருக்குள் சில கட்டுப்பாடுகள் உண்டு. பல ஊர்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சில வீடுகளில் எண்ணெய்ச் சட்டியே வைக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் வெளியூர் போனாலும் இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், வேறு ஊரில் ராத்தங்கக் கூடாது என்பார்கள். நீங்கள் விருந்தாளி, இதெல்லாம் உங்களைக் கட்டாது. ஆனாலும் தங்குகிற வீட்டில், 'இந்த நாட்களில் எதெல்லாம் செய்யக் கூடாதுங்க அத்தை?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றுக்கே வீட்டில் உங்கள் மதிப்பு ஏறிவிடும்.

கம்பம்

கோயிலுக்கு முன்னால் நட்டிருக்கும் மூன்று கிளை விரிந்த மரத்துண்டுதான் கம்பம். வேம்பு, அத்தி, பாலை என்று ஊருக்கு ஒரு மரம் வழக்கம். பட்டையைச் சீவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டியிருப்பார்கள். அதை மாரியம்மனின் கணவன் என்று சொல்வார்கள். விடிகாலையில் பெண்கள் குளித்த ஈரத்தோடு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். அம்மை பரவுகிற வெயில் காலத்தில் ஊரைக் குளிர்விக்க ஊற்றுகிற தண்ணீர் அது. ஊற்றிய தண்ணீரில் மண் குழைந்து மஞ்சள் வாசமும் வேப்பிலை வாசமும் கலந்து எழும். அதற்காகவாவது ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பாருங்கள்.

செருப்பைத் தள்ளிக் கழற்றிவிட்டுக் கம்பத்தடிக்குப் போங்கள். போட்டோ எடுப்பதற்காகக் கம்பத்தில் சாய்ந்து நிற்காதீர்கள். ஒரு வருஷம் வெளியூர்ப் பையன் ஒருவன் தெரியாமல் அப்படி நின்றுவிட்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்ற வந்த பெண்கள் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவனுக்கு அது திட்டு வாங்கியதைவிடக் கஷ்டமாகப் போய்விட்டது.

ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் தப்பட்டைச் சத்தம் கேட்கும். முதலில் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். அனல் பட்டுத் தோல் விறைத்தால்தான் அடி கணீரென்று விழும். பிறகு கம்பத்தைச் சுற்றி ஆட்டம். பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும், நான்கு அடி வைத்தால் கால் பின்னிக்கொள்ளும். ஆட விருப்பமிருந்தால் வட்டத்தின் வெளி ஓரத்தில், நன்றாக ஆடுகிற பெரியவர் ஒருவருக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். அவர் காலைப் பார்த்தே ஆடுங்கள். அடி மெதுவாகத் தொடங்கி வேகமாகும். வேகம் பிடிக்கிற சமயத்தில் தடுமாறினால் வெட்கப்படாமல் விலகி, அடுத்த சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். ஊர்ப் பையன்கள் எல்லோரும் சின்ன வயதில் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆட்டத்தின் நடுவே வேஷம் கட்டிக்கொண்டு வருபவர்கள் உண்டு. மீசைக்காரர் ஒருவர் சேலை கட்டி வந்து, நேராகப் புது மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்து, 'என்னைய மறந்துட்டீங்களா மச்சான்?' என்று அழுவார். போலீஸ் வேஷம் போட்டவர் கடைக்காரரைக் கைது செய்வார், ஒரு சோடா கொடுத்தால் விட்டுவிடுவார். கரடி வேஷத்தைப் பார்த்துக் குழந்தைகள் ஓடும். உங்களிடம் வந்தால் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ கொடுத்து, அவர்கள் விளையாட்டில் நீங்களும் கலந்துகொள்ளுங்கள். முன்பு குறவன் குறத்தி வேஷம் கட்டி, அந்த மக்களை மட்டமாகக் காட்டி ஆடுவார்கள். 2023-ல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. அது நிற்க வேண்டியதுதான். ஒரு சனத்தை இழிவாக்கித்தான் சிரிக்க வேண்டும் என்ற நிலையில் எங்கள் ஊர்க் குசும்பு இல்லை.

ராத்திரிக் குசும்பு

ஆட்டம் முடிந்து ஒரு மணிக்கு மேல் விடலைப் பையன்களின் ராஜ்ஜியம். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தூங்குகிறவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மைதானத்தில் வைத்துவிடுவார்கள். நான்கு பேர் வேண்டும், மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. விடிந்ததும் தண்ணீர் ஊற்ற வருகிற பெண்களின் சிரிப்பில்தான் அவர் கண் விழிப்பார். தூங்குகிறவன் முகத்தில் கரியால் மீசை வரைவது, திண்ணையில் கிடக்கும் செருப்புகளை ஜோடி மாற்றி வைப்பது, ஒரு வீட்டு வாசல்படியில் பக்கத்து வீட்டு ஆட்டுக்கல் குழவியைக் கொண்டுவந்து வைப்பது, இப்படி நிறைய இருக்கிறது.

இதில் சேர்ந்துகொள்ள உங்களைக் கூப்பிட்டால் தாராளமாகப் போங்கள். ஆனால் எந்தக் காரியத்தையும் நீங்களாகத் தொடங்காதீர்கள். யார் வீட்டுக் கட்டிலைத் தூக்கலாம் என்பது ஊர்ப் பையன்களுக்குத் தெரியும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டுப் பக்கம் போக மாட்டார்கள். நெஞ்சுவலிக்காரரைத் தொட மாட்டார்கள். கட்டிலைத் தூக்கியவர்கள் எல்லோரும் அவருக்கு மச்சான் முறையாகவோ பேரன் முறையாகவோ இருப்பார்கள். அதனால்தான் எழுந்தவர் இரண்டு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்து டீ வாங்கி வரச் சொல்கிறார். எதை எடுத்தாலும் விடிவதற்குள் கெடாமல் கொள்ளாமல் திரும்பப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். இது எழுதாத சட்டம்.

முறை: இதை நிதானமாகப் படியுங்கள்

மஞ்சத்தண்ணி யார் மேல் ஊற்றலாம்? கல்யாண உறவு கொள்ளக்கூடிய பக்கத்தில் விளையாட்டு உண்டு, பங்காளிப் பக்கத்தில் கிடையாது. அடிப்படை இவ்வளவுதான்.

மாமன் மகன், மாமன் மகள், அத்தை மகன், அத்தை மகள் எல்லாம் முழு உரிமை உள்ளவர்கள். அண்ணன் மனைவி மேல் கொழுந்தன் ஊற்றலாம், அவரும் விட மாட்டார். மனைவியின் தங்கை, தம்பி, அக்காவின் கணவர் எல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள். தாய்மாமன் மேல் அக்காள் பிள்ளைகள் ஊற்றுவார்கள், பல வீடுகளில் மாமன் சிரித்துக்கொண்டே சட்டைப் பையில் தயாராக வைத்திருக்கும் நோட்டை எடுத்துக் கொடுப்பார். தாத்தா பாட்டிகளும் பேரன் பேத்திக்கு விளையாட்டு முறைதான். அப்புச்சி (அம்மாவைப் பெற்ற தாத்தா) தலையில் ஒரு சொம்பு ஊற்றினால் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பாருங்கள்.

சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் உங்களுக்கு அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அங்கே ஊற்றக் கூடாது. சித்தி, பெரியம்மா பிள்ளைகளும் அப்படித்தான். மாமனார், மாமியார் மேல் கூடாது. புது மருமகள்கள் கவனிக்க வேண்டிய இடம் கணவரின் அண்ணன். அவர் எவ்வளவு வயது குறைந்தவராக இருந்தாலும், எவ்வளவு கலகலப்பாகப் பேசினாலும் அங்கே மரியாதைதான்.

நண்பன் வீட்டுக்கு வந்தவர்கள், 'எனக்கு இங்கே முறையே இல்லையே' என்று நினைக்க வேண்டாம். நண்பனின் முறை உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவன் அக்கா என்று கூப்பிடுகிறவர் உங்களுக்கும் அக்கா. அவன் மாமா என்கிறவர் உங்களுக்கு மாமா. முதல் நாளே அவனோடு தெருவில் ஒரு நடை போய், எதிரில் வருகிறவர்களை அவன் எப்படிக் கூப்பிடுகிறான் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். பாதி வேலை முடிந்தது.

பெண்கள் விஷயத்தில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நண்பனின் மாமன் மகள் அவனுக்குத்தான் முறைப்பெண். நீங்களாகப் போய் அவள் மேல் ஊற்றக் கூடாது. அவள் உங்கள் மேல் ஊற்றினால் நனைந்துகொள்ளுங்கள், அதோடு சரி. முறை இருந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்கிற பெண்ணைத் துரத்தக் கூடாது. சேலையில், கையில், தோளில் தொடுவது எந்த முறையிலும் இல்லை. தண்ணீர்தான் மேலே படலாம், கை படக் கூடாது. எங்கள் அம்மா தலைமுறையில் ஊர்ப் பெரியவர்கள் இதைச் சொல்லியே பிள்ளைகளை அனுப்புவார்கள். இப்போது சொல்ல ஆளில்லாத இடங்களில் இந்த நாளைச் சாக்காக வைத்துத் தப்பு நடக்கிறது. அது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம். பார்த்தால் வேடிக்கை பார்க்காதீர்கள், உடனே பெரியவர் யாரிடமாவது சொல்லுங்கள்.

மஞ்சள் கலக்குவது

எங்கள் பக்கம் வைகாசி, ஆனியில் நட்ட மஞ்சள் தை, மாசியில் வெட்டுக்கு வரும். வேகவைத்துக் காயவைத்துப் பங்குனிக்கு வீட்டில் புது மஞ்சள் இருக்கும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளைத்தான் நாங்கள் வாளியில் கரைக்கிறோம்.

விரலி மஞ்சளை இடித்துத் தூளாக்கியோ, அம்மியில் அரைத்தோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய வாளித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடித் தூள் தாராளம். முதலில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டு பிறகு வாளியில் கலக்குங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். ஒரு கொத்து வேப்பிலை போடுங்கள். ஆரத்திக்குக் கரைப்பதுபோல் சுண்ணாம்பு சேர்த்துச் சிவப்பாக்குகிறார்கள் சிலர். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு எரியும், ஆபத்து. சேர்க்காதீர்கள். கடையில் விற்கிற சாயப் பொடியும் வேண்டாம். அது நாட்கணக்கில் தோலை விட்டுப் போகாது, அரிப்பும் வரும். முட்டை, கிரீஸ், சாணி எல்லாம் வேறு எங்கோ பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தவை. அம்மன் பேரைச் சொல்லி ஊற்றுகிற தண்ணீரில் அவற்றுக்கு இடமில்லை.

சொம்பு போதும். தலையிலோ முதுகிலோ ஊற்றுங்கள், முகத்தில் வீசி அடிக்காதீர்கள்.

அன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது

காலையில் தலைக்கும் கை கால்களுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளுங்கள், மஞ்சள் சீக்கிரம் போகும். பழைய வெள்ளைச் சட்டை போடுங்கள். பட்டு வேட்டி, வாட்ச், காதுக்கருவி எல்லாம் பெட்டியில் இருக்கட்டும். போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றுங்கள். புது மாப்பிள்ளை என்றால் இடுப்பில் சில்லறை நோட்டுகளை ஒரு உறையில் வைத்துக்கொள்ளுங்கள், மச்சினிகள் பொழுதுக்கும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கம்பம் பிடுங்குகிற நேரத்தில் சத்தம் அடங்கும். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பெண்கள் சிலர் கண் கலங்கி நிற்பார்கள். அந்த நேரத்தில் விளையாட்டு கிடையாது. கம்பத்தை ஊர்வலமாக எடுத்துப்போய்க் கிணற்றிலோ ஆற்றிலோ விடுவார்கள். கரூர் மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும். அந்த ஊர்வலத்துக்குத் திரளும் கூட்டத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவின் கடைசி நாளில் கம்ப ஊர்வலத்தோடு நகரமே மஞ்சளாகிவிடும்.

பிறகுதான் கொண்டாட்டம். தெருவில் நடந்தால் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சொம்பு காத்திருக்கும். 'மாமா, உள்ள வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாம்' என்று இனிமையாகக் கூப்பிடுவார்கள். மோர் இருக்காது. தெரிந்தே போய் நனைவதுதான் அழகு. ஓடி ஒளிகிறவரைத்தான் அதிகம் துரத்துவார்கள். உங்கள் மேல் ஊற்றியவருக்குத் திருப்பி ஊற்றுவது கடன், அன்று பொழுது சாய்வதற்குள் தீர்த்துவிட வேண்டும்.

சில ஊர்களில் அன்றைக்கே வழுக்கு மரமும் உறியடியும் வைப்பார்கள். மரத்தில் விளக்கெண்ணெயும் சோற்றுக் கற்றாழையும் தடவி, ஏறுகிறவர் மேல் கீழிருந்து தண்ணீர் அடிப்பார்கள். தனியாக ஏற முடியாது, ஒருவர் தோள் மேல் ஒருவர் நின்றுதான் உச்சி முடிப்பைத் தொட முடியும். வெளியூர்க்காரர் அடியில் தோள் கொடுத்தால் ஊர் அதை மறக்காது.

மதுரை ஆட்களுக்கு இந்தத் தண்ணீர் விளையாட்டு புதிதாக இருக்காது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேஷம் கட்டிய பக்தர்கள் தோல் பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அங்கே வேண்டுதல், கூட்டத்தில் யார் மேலும் படும். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து பொதுவாக எல்லோர் மேலும் அடித்துவிடாதீர்கள்.

இவர்கள் மேல் ஒரு துளியும் வேண்டாம்

தப்பட்டை அடிப்பவர்கள் மேல் ஊற்றாதீர்கள். தோல் நனைந்தால் தொய்ந்து சத்தம் செத்துவிடும், மறுபடியும் தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும். நோம்பி நாட்கள் முழுக்க ராத்திரியெல்லாம் ஊரை ஆட வைத்தவர்கள் அவர்கள்தான். ஊர் அவர்களை நடத்துகிற விதம் எல்லா இடத்திலும் நியாயமாக இல்லை. நீங்களாவது பக்கத்தில் போய், பேர் கேட்டு, டீயை அவர்களோடு உட்கார்ந்து குடியுங்கள்.

காப்புக் கட்டி விரதம் இருப்பவர், பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்து வருபவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர், துக்க வீட்டுக்காரர் இவர்களை விட்டுவிடுங்கள். ஓடுகிற பைக் மேல் அடிக்கவே அடிக்காதீர்கள். ரோட்டில் போகிற பஸ் பயணிகள் உங்கள் நோம்பிக்கு வந்தவர்கள் இல்லை. குடித்துவிட்டு வாளி தூக்கியவனைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். நோம்பியில் நடக்கிற சண்டைகள் பெரும்பாலும் அந்த வாளியில்தான் தொடங்குகின்றன.

சாயங்காலம்

பாசிப்பயற்று மாவு தேய்த்துக் குளியுங்கள். சட்டைக்கு சோப்புப் போட்டதும் மஞ்சள் திட்டெல்லாம் ரத்தச் சிவப்பாக மாறும். பயப்படாதீர்கள், சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும், நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். தேய்த்துக் கிழிக்க வேண்டாம். ஈரமாகவே நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போடுங்கள், சித்திரை வெயிலுக்கு அந்தக் கறை மெல்ல வெளுத்துவிடும்.

மிஞ்சிய மஞ்சத்தண்ணியைச் சாக்கடையில் கொட்டாமல் வேப்ப மரத்தடியில் ஊற்றுங்கள். இருந்து போக முடிந்தால், மஞ்சத்தண்ணி முடிந்து எட்டாம் நாள் மறுபூசை இருக்கும். கூட்டம் குறைவு, அம்மனைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அன்றைக்கு யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். வாளிகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.